வைரம் வாங்குமுன் அறிய வேண்டியவை

திருமணம் போன்ற நிகழ்வுகளுக்கு வைர நகை வாங்கும் குடும்பங்கள் பல ஆண்டுச் சேமிப்பை அதற்கெனச் செலவிடுகின்றன. ஒரே எடையுள்ள இரு வைரங்களின் விலை பன்மடங்கு வேறுபடக்கூடும். வைரத்தின் தரம் நான்கு கூறுகளைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது.

எடை: தங்கத்தில் காரட் தூய்மையைக் குறிக்கும், வைரத்தில் அது எடையாகும். ஒரு காரட் 0.2 கிராம். ஒரு காரட் எடையுள்ள தனிக்கல், அதே மொத்த எடை கொண்ட பல சிறு கற்களைவிட விலை மிகுந்தது.

நிறம்: முற்றிலும் நிறமற்ற கல் 'டி' தரம். மஞ்சள் சாயல் கூடக்கூடத் தரம் 'இசட்' வரை இறங்கும்.

தெளிவு: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையில் தென்படும் குறைகளைப் பொறுத்தது.

பட்டை: கல்லின் ஒளிர்வைப் பெரிதும் தீர்மானிப்பது பட்டை தீட்டப்பட்ட முறையே.

ஆய்வகத்தில் உருவாக்கப்படும் வைரமும் வைரமே. இயற்கை வைரத்திலிருந்து அதனை வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது; ஆயினும் அதன் விலை மிகக் குறைவு. எனவே, கல் எவ்வகையினது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதிப் பெறுதல் வேண்டும். ஜி.ஐ.ஏ. போன்ற சுயாதீன ஆய்வகத்தின் தர அறிக்கையைக் கேட்டுப் பெறுதலும் நன்று. கல்லின் விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருப்பின், அது அறிக்கை எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். காப்புறுதிக்காக விற்பனையாளர் வழங்கும் விலை மதிப்பீடு, தர அறிக்கைக்கு ஈடாகாது.

கடையில் வாங்கிய நகை விற்பனையாளரின் விவரிப்புடன் பொருந்தாவிடில், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்கீழ் தீர்வு கோரலாம். அதற்குப் பற்றுச்சீட்டும் தர அறிக்கையுமே சான்றாகும். அவற்றைப் பாதுகாத்து வைத்தல் அவசியம்.