நெரிசலில் சேர்ந்த ஜோடிகள்

"சந்திரா என்றால் நிலாதானே, அப்பா?" என்றாள் மகள். இல்லையம்மா, 1910-ல் லாகூரில், ரயில்வே கணக்குத் துறையில் இருந்த தமிழர் வீட்டில் பிறந்த விஞ்ஞானி சந்திரசேகர்! (நம்மைப் போல் உத்தியோகத்துக்காக வடக்கே வந்த குடும்பம்.) அமெரிக்கா 1999-ல் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் பெயர். அது ஆராய்ந்த விந்தை ஒன்றைச் சொல்கிறேன்.

பல லட்சம் நட்சத்திரங்கள் தேனீக்கள்போல் உருண்டையாக மொய்த்திருப்பது கோளக் கொத்து. பால்வீதியின் நட்சத்திரங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இவற்றில் இல்லை. எக்ஸ்ரே இரட்டைகளோ ஏராளம். அதாவது, செத்துச் சுருங்கிய நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று, பக்கத்திலுள்ள சிறிய துணையின் வாயுவை உறிஞ்சும். அந்த வாயு கோடி டிகிரிக்கு மேல் கொதித்து எக்ஸ்ரே வீசும். பால்வீதியில் இவ்வகை ஜோடிகளில் சுமார் பத்தில் ஒன்று இந்தக் கொத்துகளில்தான்.

காரணம் நெரிசல். மும்பை லோக்கலில் மூவர் பெஞ்சில் நாலாமவர் நுழைவதுபோல், தனியே திரிந்த நியூட்ரான் நட்சத்திரம் ஒரு ஜோடிக்குள் புகுந்து, இளைத்ததை வெளியே தள்ளிவிடும். (லோக்கலில் அவ்வளவு மோசமில்லை.) என்ஜிசி 6624 கொத்தில் ஒரு ஜோடி 11 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது!

கன்னி ராசித் திசையில், சுமார் 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், பல அண்டங்கள் கூடிய பெருங்கூட்டம் உண்டு. அதிலுள்ள எம்49 அண்டத்தில், சந்திரா கண்ட எக்ஸ்ரே புள்ளிகளில் பத்தில் நாலு கோளக் கொத்துகளில் இருந்தன. கருந்துளைகள் மட்டும் ஒன்றையொன்று உதைத்து வெளியேறிவிடும், கொத்தில் தங்கா என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2007-ல் அங்கேயே ஒரு கொத்தில் கருந்துளை அகப்பட்டது.

"பல நியூட்ரான் நட்சத்திரங்கள் சேர்ந்து அப்படித் தெரிந்திருக்கலாமே?" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் சில மணி நேரத்தில் அந்த ஒளி பல மடங்கு மங்கியது. பல விளக்குகள் ஒரே சமயத்தில் மங்குமா?