பட்டர் (கோல்ஃப் மட்டை)

பட்டர் என்பது கோல்ஃப் ஆட்டத்தில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் விழச் செய்யப் பயன்படும் மட்டை ஆகும். ஆட்டக்காரர் எடுத்துச் செல்லக்கூடிய 14 மட்டைகளில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுவே. 72 அடிகள் என வகுக்கப்பட்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கு என்றே ஒதுக்கிக் கணக்கிடுகிறார்கள்.

பட்டர் வாங்குவோர் தோற்றம், கையுணர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றில் எதைப் பார்ப்பது என்று தடுமாறுவது வழக்கம். தோற்றத்தைப் பார்த்து வாங்குவது வெறும் ஆசை என்று சிலர் ஒதுக்குவர். அது சரியன்று. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம் நோக்கும் கோணமே. 3 மீட்டர் தொலைவில் முகம் 1 பாகை விலகியிருந்தால் பந்து ஏறத்தாழ 5.2 செ.மீ. தள்ளிப் போகும். குழியின் விட்டம் 10.8 செ.மீ.; அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு 5.4 செ.மீ. மட்டுமே. ஆகவே 1 பாகைப் பிழையே பந்தைக் குழியின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது எந்த வடிவம் ஒருவருக்கு நேராகத் தெரிகிறதோ, அதுவே அவருக்கு ஏற்ற தோற்றம். ஒரே மட்டை ஒருவர் கண்ணுக்கு நேராகவும் இன்னொருவர் கண்ணுக்கு இடப்பக்கம் திரும்பியதாகவும் தெரியலாம்.

வடிவம் பற்றிய சண்டை பழையது. அமெரிக்காவின் வால்டர் டிராவிஸ் 1904ஆம் ஆண்டு பிரித்தானிய அமெச்சூர் போட்டியை, தண்டு தலையின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்ட ‘ஷெனெக்டடி’ பட்டரைக் கொண்டு வென்றார். 1910இல் அவ்வகை மட்டைகள் பிரித்தானியாவில் விலக்கப்பட்டன. அமெரிக்காவில் தொடர்ந்து அனுமதிக்கப்பட்ட அம்மட்டைக்குப் பிரித்தானியாவில் 1950களின் தொடக்கம் வரை தடை நீடித்தது.

பிங் ஆன்சர்

இன்று கடைகளில் காணப்படும் பட்டர்களில் பெரும்பகுதிக்கு மூலவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்த இவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். நாற்பது வயதைக் கடந்தபின் கோல்ஃப் ஆடத் தொடங்கி, பந்தைக் குழியில் சேர்க்க முடியாமல் திணறியவர். 1959இல் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் அவர் செய்த மட்டை பந்தில் பட்டதும் எழுப்பிய ஓசையே ‘பிங்’ என்ற பெயரானது. 1966இல் ‘ஆன்சர்’ வந்தது. ‘விடை’ என்ற பொருளில் அவர் மனைவி லூயிஸ் சூட்டிய பெயர் இது. மட்டையில் பொறிக்க இடம் போதாததால் ஆங்கிலச் சொல்லின் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

சோல்ஹைம் செய்தது எளிய இயற்பியல். தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளுக்கும் பகிர்ந்தார். இதனால் நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை எளிதில் திரும்புவதில்லை. கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான். பிற்காலத்தில் வந்த ‘மாலட்’ என்னும் பருத்த தலைகள் எடையைப் பின்புறமும் தள்ளி இத்திறனை இன்னும் கூட்டின. 1986இல் ஜாக் நிக்லஸ் தம் 46ஆம் வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது கையில் இருந்தது, பலர் கேலி செய்த பெருந்தலை மேக்ரெகர் பட்டர். வெற்றிக்குப் பின் அதற்கே கடைகளில் கிராக்கி ஏற்பட்டது.

ஆனால் இத்தொழில்நுட்பம் திருத்துவது ஓரத்தில் படும் பிழையை மட்டுமே. தவறாகக் குறிபார்த்த மட்டை, தவறான திசையிலேயே பந்தை உறுதியாக அனுப்பும்.

கையுணர்வு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு காதுக்கு உரியது. காதை அடைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தால் மட்டைகளுக்கிடையே வேறுபாடு மங்கிவிடும். எஃகைக் கடைந்து செய்த முகம் கணீரென ஒலிக்கும்; ஒடிசி போன்ற நிறுவனங்கள் முகத்தில் பதிக்கும் மென்பொருள் தகடு ஓசையை அடக்கும். அதிர்வு மூளைக்கு எட்டுமுன் பந்து கிளம்பிவிடுவதால் அந்த அடியை உணர்வு மாற்றாது. அடுத்த அடியின் வேகத்தைப் பழக உதவும். பந்தின் மேலுறையும் இந்த ஓசையை மாற்றும் என்பதால், தாம் வழக்கமாக ஆடும் பந்தை எடுத்துச் சென்று சோதிப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும்போது

தண்டை ஒரு விரல்மேல் சமநிலையில் கிடத்தினால் சில மட்டைகளின் முகம் வானை நோக்கும். சிலவற்றில் நுனி கீழே தொங்கும். கையை நேர்கோட்டில் ஆட்டுபவர்க்கு முதல் வகையும், வளைந்த பாதையில் ஆட்டுபவர்க்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது பொதுவான கருத்து. இது தொடக்கக் குறிப்பே தவிரக் கண்டிப்பான விதி அன்று.

நீளம் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். நீளம் பொருந்தாவிட்டால் நிற்கும் நிலை மாறும். கண் பந்துக்கு மேல் அமையும் இடமும் மாறி, குறி பிசகும். கடைக் கம்பளத்தில் நான்கு பந்து விழுந்ததை நம்பாமல், ஒரு குழியைக் குறிபார்த்து நின்று, உதவிக்கு ஒருவரை மட்டையை அசையாமல் பிடிக்கச் சொல்லி, பின்னால் போய் முகம் எங்கே நோக்குகிறது என்று பார்க்கலாம். செலவில்லாத இச்சோதனையைப் பலர் செய்வதில்லை.

விதிப்படி நீளம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முகச் சாய்வு 10 பாகையைத் தாண்டக் கூடாது. நீண்ட பட்டர்களுக்குத் தடையில்லை. ஆனால் அவற்றை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றி அடிப்பது 2016 சனவரி 1 முதல் அனுமதிக்கப்படுவதில்லை.