பட்டியலில் இல்லாத நடனம்: பாலே பயிலும் இளைஞர்களுக்கு அரசின் கதவு திறக்குமா?

புதுதில்லி: முதல் பாதியில் வெள்ளை உடையில் அன்னப் பறவைகள், இடைவேளைக்குப் பிறகு வெறுங்காலுடன் தரையில் புரளும் இளைஞர்கள். தலைநகர் தில்லியிலும் மும்பையிலும் இயங்கும் இளைஞர் பாலே குழுக்களின் ஆண்டு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே அமைகின்றன. 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய பாலேக்களிலிருந்து சில பகுதிகளை முதலில் ஆடுகின்றனர். பின்னர் சமகால நடனம் எனப்படும் 'கன்டெம்பரரி' இடம்பெறுகிறது. அரங்கில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் மாணவர்களின் பெற்றோரும் உற்றாரும்தான்.

பழமையும் புதுமையும் கலந்த இந்த நிகழ்ச்சி நிரலை ரசனை சார்ந்த தேர்வு என்று பார்வையாளர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அதன் பின்னால் இருப்பது பெருமளவு நிர்பந்தமே. 'ஸ்வான் லேக்' ஏரிக்கரைக் காட்சியை முறைப்படி அரங்கேற்றவேண்டுமெனில் ஏறத்தாழ ஒரே உயரமும் ஒரே பயிற்சியும் கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட நடனமணிகள் தேவை. மொத்தமே இருபது பேர் உள்ள குழு அதற்கு எங்கே போகும்? எனவே நான்கு அன்னக் குஞ்சுகளின் நடனத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். நான்கு சிறுமியர் கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு, தலையை ஒரே கணத்தில் திருப்பி, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஆடும் பகுதி அது. சிறியதாயினும் எளிதல்ல. ஒருவரின் கால் நொடிப்பொழுது பிந்தினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

நமது அரங்குகளின் மேடைகளும் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பரதத்துக்கும் கதக்குக்கும் உறுதியான தளம் வேண்டும். காலால் தட்டும் ஓசை எழவேண்டும். துள்ளி எழுந்து இறங்கும் பாலேவுக்கோ சற்றே மீள்தன்மையுள்ள தளம் தேவை. இல்லையேல் முழங்காலும் கணுக்காலும் பழுதாகும். விரல் நுனியில் நிற்க உதவும் 'பாயின்ட்' காலணி தீவிரப் பயிற்சியில் சில நாள்களிலேயே தளர்ந்துவிடும். அதன் விலையோ ஆயிரக்கணக்கான ரூபாய். வெறுங்காலுடன் ஆடும் இரண்டாம் பாதிக்கு அச்செலவு இல்லை.

ஆனால், காலணி விலையைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது வயது.

பத்து வயதும் பதினேழு வயதும்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள வாகனோவா பாலே கழகத்தில் குழந்தைகளைப் பத்து வயதளவில் தேர்வு செய்கின்றனர். எலும்பும் மூட்டும் வளரும் பருவத்திலேயே இடுப்பிலிருந்து கால்களை வெளிப்புறமாகத் திருப்பும் பயிற்சி தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. வசதியுள்ள குடும்பங்களின் சிறுமியர் கட்டணம் செலுத்தி இளம் வயதிலேயே சேர்ந்துவிடுகின்றனர். மும்பையில் துஷ்ணா டல்லாஸ் 1966-ல் தொடங்கிய பள்ளி பல தலைமுறைகளுக்கு இவ்வாறு கற்பித்துள்ளது. ஆனால் கவனத்தை ஈர்த்த ஆண்கள் சிலர் வேறு வழியில் வந்தவர்கள். திரைப்பட நடனத்தையும் தெரு நடனத்தையும் பார்த்துப் பழகி, பதின்ம வயதில் பாலே என்ற ஒன்று இருப்பதையே கண்டறிந்தவர்கள்.

மேற்கு தில்லியின் விகாஸ்புரியைச் சேர்ந்த கமல் சிங்கின் தந்தை மின்-ரிக்ஷா ஓட்டுநர். 2013-ல் வெளியான 'ஏபிசிடி' என்ற ஹிந்தித் திரைப்படத்தில் பாலேவைக் கண்ட கமல், பதினேழு வயதில்தான் பயிற்சி வகுப்பின் வாசலை மிதித்தார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ அகிலேரா தில்லியில் தொடங்கிய இம்பீரியல் ஃபெர்னாண்டோ பாலே நிறுவனம் அது. கட்டணம் செலுத்த இயலாத நிலையில் ஆசிரியரே பொறுப்பேற்றுக் கற்பித்தார். 2020-ல், தமது இருபதாவது வயதில், லண்டனில் உள்ள இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளியின் தொழில்முறைப் பயிற்சித் திட்டத்துக்கு கமல் தேர்வானார். செல்வதற்குப் பணம் இல்லை. பொதுமக்களிடம் இணையவழியே நிதி திரட்டப்பட்டது. நடிகர் ஹ்ருத்திக் ரோஷனும் நன்கொடை அளித்தார். அரசு நிதி எதுவும் இன்றி, முன்பின் அறியாதோரின் உதவியால் ஓர் இந்திய இளைஞர் லண்டன் சென்று சேர்ந்தார்.

மும்பையிலும் இதே கதைதான். வெல்டிங் தொழிலாளியின் மகன் அமீருத்தீன் ஷா, டாக்சி ஓட்டுநரின் மகன் மணீஷ் சௌஹான் ஆகிய இருவரும் இஸ்ரேலிய-அமெரிக்க ஆசிரியர் யெஹூதா மாவோரிடம் பயின்றவர்கள். 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் அமீருத்தீனுக்கு இடம் கிடைத்தது. இவர்களது வாழ்க்கையைத் தழுவி சூனி தாராபூர்வாலா இயக்கிய 'யே பாலே' திரைப்படம் 2020-ல் வெளியானது. அதில் மணீஷ் தம்மையொத்த பாத்திரத்திலேயே நடித்தார்.

மணீஷின் பாதை கவனிக்கத்தக்கது. இளைஞரான பிறகே பாலே கற்கத் தொடங்கியவர் அவர். அசாத்திய உழைப்பு இருந்தும், முறையான பாலே நிறுவனங்கள் எதிர்பார்க்கும் கால அமைப்பை அந்த வயதில் உடல் எளிதில் ஏற்காது. பின்னர் நியூயார்க்கில் பெரிடான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து சமகால நடனத்தில் அவர் தமக்கான இடத்தைக் கண்டார். இளைஞர் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் பாதி ஏன் நீண்டுகொண்டே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. காலம் கடந்து வந்த உடல்களுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. அந்தப் பகுதியில் சில குழுக்கள் களரியையும் சௌ நடனத்தையும் கலந்து புதிய உடல்மொழி ஒன்றைத் தேடுகின்றன. அவ்வாறான வேளைகளில் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியே உயிர்ப்புடன் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

ஹவானா நகரில் லாரி ஓட்டுநரின் மகனாக 1973-ல் பிறந்தவர் கார்லோஸ் அகோஸ்டா. கியூபாவின் அரசுப் பள்ளியில் கட்டணமின்றி பாலே கற்றார். லண்டன் ராயல் பாலேவின் முதன்மை நடனக் கலைஞரானார். 2020 முதல் பர்மிங்ஹாம் ராயல் பாலேவுக்குத் தலைமை ஏற்றார். ஹவானாவின் லாரி ஓட்டுநர் மகனுக்கும் விகாஸ்புரியின் ரிக்ஷா ஓட்டுநர் மகனுக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் முன்னதாகத் திறந்த ஒரு பள்ளிக் கதவில்தான் உள்ளது. சீனமும் 1954-ல் பெய்ஜிங்கில் நடனப் பள்ளியை நிறுவி, சோவியத் ஆசிரியர்களை வரவழைத்து, 1959-ல் தனது மத்திய பாலே குழுவை உருவாக்கிவிட்டது.

அந்நியக் கலையா?

இந்தியா அவ்வழியில் செல்லாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. புகழ்பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் 1923-ல் உதயசங்கர் ராதா-கிருஷ்ண நடனம் ஆடினார். அதே பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர் ருக்மிணி தேவி. தாய்நாட்டின் கலையை நாடுமாறு பாவ்லோவா கூறிய அறிவுரையே ருக்மிணி தேவியை பரதநாட்டியத்தின் பக்கம் திருப்பியது. 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. 1952-ல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1993-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

விடுதலைக்குப் பின் நலிந்துகிடந்த மரபுக் கலைகளைக் காப்பதே முதல் கடமை எனக் கருதி, 1953-ல் சங்கீத நாடக அகாதெமி செயல்படத் தொடங்கியது. அக்கருத்தில் தவறு காண முடியாது. தலைநகரில் 'பாலே' என்ற சொல்கூட இந்திய நாட்டிய நாடகத்தையே குறிக்கலாயிற்று. ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரம் 1957 முதல் நடத்திவரும் ராமாயண நாட்டிய நாடகம் அவ்வாறே அழைக்கப்பட்டது.

எனினும், பாலே நமக்கு முற்றிலும் அந்நியமானதென்ற வாதம் தமிழர்களிடம் எடுபடாது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து சென்ற தேவதாசியர் குழு 1838-ல் பாரீஸில் ஆடியது. அக்குழுவின் அம்மணி என்ற நடனமணியைக் கண்டு வியந்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே. அவரே பின்னர் 1858-ல் 'சகுந்தலா' பாலேவுக்குக் கதை வடிவம் தந்தார். மாரியூஸ் பெட்டிப்பா 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றிய 'லா பயாடேர்' பாலேவின் நாயகியும் இந்தியக் கோயில் நடனப் பெண்தான். அதில் வரும் இந்தியா பெரும்பாலும் கற்பனை என்பது வேறு விஷயம்.

விதிகள் சொல்வது என்ன?

இளங்கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் உதவித்தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 18 முதல் 25 வயது வரையிலானோரில் 400 பேருக்கு, மாதம் ரூ. 5,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்க வழிசெய்வது அது. நடனப் பிரிவில் பரதநாட்டியம், கதக், ஒடிசி, கதகளி, மோகினியாட்டம், சத்ரியா, சௌ எனத் தொடங்கி மணிப்பூரின் தாங்-தா, வங்கத்தின் கௌடிய நிருத்தியம் வரை இடம்பெற்றுள்ளன. பாலே இல்லை. பிரிவின் பெயரே 'இந்திய செவ்வியல் நடனம்' என்பதால் விண்ணப்பிக்கவே வழியில்லை.

2022 ஜூலையில் சரக்கு-சேவை வரி விலக்கிலும் ஒரு மாற்றம் வந்தது. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சிகளுக்கு இருந்த விலக்கு, தனிநபர் அளிக்கும் பயிற்சிக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. பல ஆசிரியர்களை ஒன்றுதிரட்டி நிறுவனமாக இயங்குவோருக்கு, வரம்பைத் தாண்டினால் இது சுமையே. கட்டணம் செலுத்தும் மாணவரின் பணத்தில்தான் கட்டணம் செலுத்த இயலாதவரும் கற்கிறார் எனும்போது, அச்சுமை யார் தலையில் இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தெருக்கூத்துக் கலைஞர்களும் தோற்பாவைக் கூத்தர்களும் வறுமையில் வாடும் நாட்டில், ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த நடனத்துக்கு வரிப்பணமா என்ற கேள்வி எழுவது இயல்பு. நியாயமான கேள்வியும்கூட. மரபுக் கலைஞருக்குச் சேரவேண்டியதில் ஒரு ரூபாயையும் பாலேவுக்குத் திருப்பக்கூடாது. ஆயினும், அதே உதவித்தொகைப் பட்டியலில் மௌன நாடகத்துக்கும் புகைப்படக் கலைக்கும் இடம் இருப்பதை மறுப்போர் கவனிக்கவேண்டும். கேமரா எந்த ஊரில் பிறந்தது என்று எவரும் கேட்பதில்லை. வயலினைக் கச்சேரி மேடையில் ஏற்றி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன.

போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. உறுப்பினர்கள் இதை எழுப்ப விரும்பினால், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்வது மட்டும் போதாது. குருவிடமோ நிறுவனத்திடமோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அத்திட்டத்தில் உள்ளது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் பரதத்துக்கு அது பொருந்தும். பதினேழு வயதில் தொடங்குபவர் இருபத்திரண்டு வயதில்தான் விண்ணப்பிக்கவே தகுதி பெறுவார். கமல் சிங் லண்டனுக்குத் தேர்வானபோது அவருக்கு அந்தத் தகுதியும் இருந்திருக்காது.