ஃபேக்டர் முதலில், ஸ்கேன் பிறகு

முழங்கால் வீங்கினால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். பல் பிடுங்கிய இடத்தில் மறுநாளும் ரத்தம் நிற்காவிட்டால் உடம்புச் சூடு என்கிறார்கள். சுன்னத் செய்த குழந்தைக்குக் கசிவு விடாதபோதும் கட்டைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஹீமோபிலியாவாக இருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்று குறைவதுதான் இந்த நோய். ‘ஏ’ வகையில் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறையும், ‘பி’ வகையில் ஃபேக்டர் 9. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரும். தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். இந்த நோயில் அது சரியாகத்தான் இருக்கும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனையும் அதையடுத்து ஃபேக்டர் அளவுப் பரிசோதனையும்தான் உண்மையைச் சொல்லும்.

நோய் உறுதியானவருக்குத் தசையில் ஊசி கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது. வீங்கிய மூட்டை உருவக் கூடாது, சூடான ஒத்தடமும் கூடாது, ஐஸ் வைக்கலாம். தலையில் அடிபட்டால் முதலில் நரம்பு வழியாக ஃபேக்டர் ஊசி, பிறகுதான் ஸ்கேன். வரிசையில் நிற்கவைத்தால் சத்தம் போட்டாவது கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம்.

அடுத்தது காகிதம், அதாவது மாற்றுத்திறனாளிச் சான்று. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ரத்தக் கோளாறுகளுக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் சேர்த்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும், “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பி அனுப்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். சட்டத்தைப் படிக்காதது அவர்கள் குற்றம். பேசாமல் திரும்பி வருவது நம் குற்றம்.

சான்றுக்கும் யூ.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ‘ஸ்வாவ்லம்பன்’ இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றோடு ஃபேக்டர் அளவு அறிக்கையும் சிகிச்சைப் பதிவுகளும் கையில் இருக்கட்டும். ஒப்புகை எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவக் குழு முன் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சான்று தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய முடியும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். வாய்வார்த்தையாக மறுத்ததை வைத்து வழக்காடுவது கடினம்.

சான்றில் பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டில் போட்டியிடலாம். ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தக் கோளாறுகள் இல்லை. அதனால் இந்த ஒதுக்கீட்டில் வேலை வாங்கித் தருவதாக எவராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

மீண்டும் சொல்கிறேன்: தலையில் அடி என்றால் ஃபேக்டர் முதலில். நோயின் வகை, ஃபேக்டர் அளவு, சிகிச்சை தரும் மருத்துவமனையின் எண் மூன்றையும் இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றைப் பையனின் பள்ளிப்பையில் வையுங்கள், இன்னொன்றை வகுப்பாசிரியரிடம் இன்றே கொடுங்கள்.