பிரமிளின் பாநடை: செறிவும் இருளும்

பாட்டு விளங்காமை மூவகைப்படும். சொல்லை அறியாமையால் வருவது சொல்லருமை. அதனை அகரமுதலி தீர்க்கும். எழுவாயும் பயனிலையும் தொலைவில் நிற்பதால் வருவது தொடரருமை. கொண்டுகூட்டிப் படிக்க அது நீங்கும். சொல்லும் தொடரும் எளியவாயிருந்தும், ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைப் பாவலர் சொல்லாது விடுவதால் வருவது இணைப்பருமை. இதனைப் படிப்போரே தீர்த்தாக வேண்டும். 1939இல் திருகோணமலையில் பிறந்து, சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் இளமையிலேயே எழுதத் தொடங்கி, 1997இல் வேலூரை அடுத்த கரடிக்குடியில் மறைந்த பிரமிள், இம்மூன்றாம் அருமையையே தம் நடைக்கு அடிப்படையாக்கினார். அவர் பாட்டு இருண்டது என்போர், செறிவை இருளென மயங்குகின்றனர் என்பது என் துணிபு.

ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. அவ்வாறே, சொல்லளவுக்குள் அடங்கிய உணர்பொருளின் அளவைப் பாவின் செறிவு எனலாம். பிரமிளின் ‘காவியம்’ ஒரே தொடரால் ஆன சிறு பாட்டு. பிரிந்த இறகு, காற்று, எழுத்து, பறவையின் வாழ்வு: இவ்வளவே அதன் பொருள்கள். காற்று அங்கே ஏடாகிறது, இறகு எழுதுகோலாகிறது. ஆயினும் எழுதுகோல் என்னும் சொல் பாட்டில் எங்கும் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய மரபில் வந்த நமக்கு, இறகால் எழுதுதல் மேலைநாட்டாரின் பழைய வழக்கம் என்று நினைவுகூரவே ஒரு நொடி பிடிக்கிறது. அந்த ஒரு நொடித் தயக்கத்தில்தான் பாட்டு நம்முள் நுழைகிறது.

இவ்வாறு சொல்லாது விடும் உவமம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் உவமத்தின் அடிப்படைகளை வினை (செயல்), பயன், மெய் (வடிவு), உரு (நிறம்) என நான்காக வகுத்தார். பொதுத்தன்மையை வெளிப்படையாகக் கூறாத உவமத்தைச் ‘சுட்டிக் கூறா உவமம்’ என்று தனியே பெயரிட்டு, பொருளையும் உவமத்தையும் எதிரெதிர் வைத்துப் பொருந்துவன கொள்க என்று வழியும் காட்டினார். புதுப்பாவைப் படிக்கப் பிறமொழித் திறனாய்வைத் தேடி ஓடுவோர் இவ்வழியை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். எங்கள் ஊரான கோவில்பதாகையின் ஏரிக்கரையில் கொக்கின் இறகு விழுவதைக் கூர்ந்து நோக்கினால், அது கல்லைப்போல் நேர்கீழே வீழ்வதில்லை. நிறை குறைந்து பரப்பு மிகுந்தமையால் காற்றுத்தடையில் மிதந்து, இடமும் வலமுமாக வளைந்து, வரி வரியாக இறங்குகிறது. எழுதும் கையின் இயக்கமும் அதுவே. ஆகவே ‘காவியம்’ காட்டுவது வினையுவமம்; மனம்போன கற்பனையன்று, கண்டறிந்த உண்மை.

ஐன்சுடைன் 1905இல் கண்ட நிறை–ஆற்றல் சமன்பாட்டையே தலைப்பாக்கிப் பிரமிள் பாடியதும் இச்செறிவு பற்றியே ஆகலாம். ஒரு கிராம் நிறை முழுதும் ஆற்றலாக மாறின், மின்கட்டணக் கணக்கில் ஏறத்தாழ 2.5 கோடி அலகு ஆகும். சிறு பருமனுக்குள் பேராற்றல் என்னும் அவ்வுண்மையைப் பாடுவதற்கு அவரினும் பொருத்தமான பாவலரை நான் அறியேன். வடசொற்களை அவர் தயங்காது எடுத்தாண்டது எனக்கு உடன்பாடன்று. எனினும் அவர் பாட்டின் ஆற்றல் அச்சொற்களில் இல்லை, சொல்லாது விட்ட இணைப்புகளில் இருக்கிறது. 1972இல் வந்த ‘கண்ணாடியுள்ளிருந்து’ தொகுப்பைப் புதிதாகக் கையில் எடுப்போர், நெடும்பாட்டுகளைப் பின்னர் வைத்துக்கொண்டு குறும்பாட்டுகளிலிருந்து தொடங்குக. ஒவ்வொன்றிலும் கூறாது விடப்பட்ட பொதுத்தன்மை வினையா, பயனா, மெய்யா, உருவா என்று வினவிக்கொண்டே படிக்க.