அறுத்த வயலில் எந்தப் பயிரைக் காக்கிறார்கள்?

இங்கிலாந்தில் அறுவடை தொடங்கினாலே பார்வையாளர்களிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அறுத்த கோதுமை வயலின் ஓரத்தில் ஒரு வலை. அதன் பின்னால் துப்பாக்கியோடு ஓர் ஆள். இறங்க வரும் புறாவையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறார். கேட்டால் 'பயிர்ப் பாதுகாப்பு' என்கிறார். கதிர்தான் களம் போய்ச் சேர்ந்துவிட்டதே, இனி எந்தப் பயிரைப் பாதுகாக்கிறார்? வயலில் மயில் இறங்கினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நம்மூர் விவசாயிகள் இதைக் கேட்கும்போது, கேள்வியோடு கொஞ்சம் பொறாமையும் கலந்தே வருகிறது.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடலாம். இது கோயில் கோபுரத்திலும் ரயில் நிலையத்திலும் பார்க்கும் மாடப்புறா அல்ல. வுட் பிஜன் எனப்படும் காட்டுப்புறா. கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை, கழுத்தில் வெள்ளைத் திட்டு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. பிரிட்டனில் சுமார் 50 லட்சம் ஜோடிகள் கூடு கட்டுகின்றன. 1970-களுக்குப் பிறகு அங்கே ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிர் குளிர்காலம் முழுக்கப் பச்சையாக நிற்கத் தொடங்கியது. முன்பெல்லாம் பனியில் பட்டினி கிடந்து செத்த புறாக்களுக்கு விருந்துச் சாப்பாடு கிடைத்தது. எண்ணிக்கை ஏறியது. இதில் புறாவின் தவறு என்ன இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது? 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி பிரிட்டனில் எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. காட்டுப்புறாவுக்கும் உண்டு. ஆனால் பயிருக்குக் கடுமையான சேதம் வராமல் தடுக்க 'பொது உரிமம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் இப்போது அதன் பெயர் ஜிஎல் 42. விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, நிபந்தனைகளை மதித்தால் போதும். வேட்டையாடப்படும் ஃபெசன்ட் பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரைதான் வேட்டைக் காலம். புறாவுக்கு அப்படி ஒரு காலமே இல்லை. வருடம் முழுக்கச் சுடலாம். ஆனால் இந்த உரிமத்தின்படி ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சுடலாம், அது சேதத் தடுப்பு. பொழுதுபோக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். உண்மையான சேதம் எப்போது நடக்கிறது? அறுவடைக்கு முன்னால். நிமிர்ந்து நிற்கும் கோதுமையில் புறா இறங்குவது அரிது. உட்கார இடம் கிடையாது, எதிரி வந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஜூலையில் காற்றும் மழையும் அடித்துப் பயிர் சாய்ந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். சாய்ந்த இடத்தில் இறங்கித் தின்னும். சுற்றியிருப்பதையும் மிதித்து இன்னும் சாய்க்கும். நெல் சாய்ந்த வேதனை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் சுடுபவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சாய்ந்த பயிரில் சுடுவது துப்பாக்கிக்காரருக்குச் சிரமம். விழுந்த புறாவைத் தேடி எடுக்கப் பயிருக்குள் நடக்க வேண்டும். அறுத்த அரிதாளில் அந்தத் தொல்லை இல்லை. தரை தெரியும், வண்டி உள்ளே வரும், புறா எங்கே விழுந்தாலும் கண்ணில் படும். அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போன மணிகளுக்காகக் கூட்டம் கூட்டமாக அவையே வரும். வசதி யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த வேலையில் இருக்கும் நுணுக்கத்தை மட்டும் மறுக்க முடியாது. தேர்ந்தவர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே பைனாகுலரோடு வரப்பில் நின்று, எந்த வேலியோரமாக, எந்த மரவரிசை மேலாகப் புறாக்கள் வந்து போகின்றன என்று கவனிப்பார்கள். அந்தப் பாதைக்குக் கீழேதான் மறைப்பு கட்டப்படும். புறா காற்றை எதிர்த்தே தரையிறங்கும். அதனால் காற்று முதுகில் படும்படி உட்கார வேண்டும். எதிரே பொம்மைப் புறாக்களைக் குதிரை லாட வடிவில் பரப்பி, நடுவில் இருபது இருபத்தைந்து கஜ தூரத்தில் காலியிடம் விடுவார்கள். வரும் புறா அந்தக் காலியிடத்தில்தான் இறங்கப் பார்க்கும். பக்கத்தில் பேட்டரியில் சுழலும் ஒரு கருவி, இரண்டு கைகளிலும் புறாவை மாட்டிய குட்டி ராட்டினம் மாதிரி. இறங்கும் புறாவின் இறக்கை வெள்ளையைக் காட்டி மற்றதை ஏமாற்றுவதுதான் அதன் வேலை. அதே நேரம், செத்த புறா மல்லாந்து கிடந்தால் வருவது மிரண்டு திரும்பிவிடும்; ஓடிப்போய்ப் புரட்டிப் போட வேண்டும். மனித முகம் பளிச்சென்று தெரிந்தாலும் அவ்வளவுதான். அதனால் ஆகஸ்ட் வெயிலில் முகமூடி வேறு.

இத்தனை உழைப்பையும் பார்த்தால் பயிர்க் காவல் மாதிரியா தெரிகிறது?

சுடுவது என்றதும் ஒரு கிளைக்கதை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நடந்த போட்டிகளில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவதும் ஒன்று. பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களைச் சுட்டு முதலிடம் பிடித்தார். சமாதானத்துக்குப் புறா பறக்கவிட்டவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பிரிட்டன் 1921-இல் சட்டம் போட்டு, கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுடும் விளையாட்டை நிறுத்தியது. இன்று அந்த இடத்தில் களிமண் தட்டுகள் பறக்கின்றன. சரி, வயலுக்குத் திரும்பலாம்.

துப்பாக்கிக்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. அரிதாளில் தின்னும் அதே புறாதான் பக்கத்து வயலில் முளைத்துவரும் ரேப்சீடைக் கொத்தப்போகிறது, குளிர்காலத்தில் அதே வயலைத் தரைமட்டமாக்கப்போகிறது. கையில் கிடைக்கும்போதே குறைத்தால் என்ன தப்பு என்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒரு பயிர் நிஜமாகவே இருந்தால் இந்த வாதம் நிற்கும். இல்லாவிட்டால், அது சிந்திய மணிக்குக் காவல் போடுவதுதான்.

அப்படிக் குறைத்தால் எண்ணிக்கை குறையுமா? இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியவர் ஆர். கே. மர்ட்டன். கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் பகுதியில் இவரும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் புறாக்களை எண்ணினார்கள். அந்தக் காலத்தில் அரசாங்கமே தோட்டாவுக்கு மானியம் கொடுத்து, குளிர்காலத்தில் கூட்டாகச் சுட வைத்தது. மர்ட்டன் குழு கண்டது என்ன? சுடப்பட்ட புறாக்களில் பெரும்பகுதி எப்படியும் பட்டினியில் செத்திருக்கும். குளிர்காலக் கடைசியில் தீவனம் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய தோட்டா, இயற்கை இலவசமாகச் செய்யவிருந்த வேலையைச் செய்தது. 1974-இல் இந்த ஆய்வு முழுமையாக வெளியானது.

இன்னொன்றும் உண்டு. மற்ற பறவைகள் கூட்டைக் காலி செய்யும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் காட்டுப்புறாவின் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். தானியம் கொட்டிக் கிடக்கும் காலம் என்பதால் அப்படி. இரண்டு முட்டை, குஞ்சுக்கு ஆணும் பெண்ணும் தொண்டைப் பையில் சுரக்கும் பால் ஊட்டும். அரிதாளில் விழும் புறாக்களில் கூட்டுக்குத் திரும்ப வேண்டியவையும் இருக்கின்றன. 'பாதுகாப்பு' என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சட்டப் போராட்டமும் இதைச் சுற்றித்தான். கிறிஸ் பேக்கம், மார்க் ஏவரி, ரூத் டிங்கே மூவரும் தொடங்கிய 'வைல்ட் ஜஸ்டிஸ்' அமைப்பு பொது உரிமங்களின் சட்டத் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கியது. 2019 ஏப்ரல் 25-இல் உரிமங்களை வழங்கிவந்த அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து மூன்று உரிமங்களை ஒரே அடியாக ரத்து செய்தது. வசந்தகாலப் பயிர் முளைத்து நிற்கும் நேரம், விவசாயிகள் கொதித்துப்போனார்கள். யாரோ பேக்கம் வீட்டு வாசலில் செத்த காக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். பிறகு அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் கோவ் அதிகாரத்தைத் தன் துறைக்கே எடுத்துக்கொண்டு புது உரிமங்களைக் கொண்டுவந்தார். அந்தச் சண்டையால் ஒரு நன்மை: 'சும்மா சுட்டேன்' என்ற பதில் இன்று எடுபடாது.

நேரம் முடியப்போகிறது. பிரிட்டனில் வாழும் தமிழர்கள் யாரையாவது பண்ணைக்காரர் 'வாருங்கள், புறா சுடலாம்' என்று கூப்பிட்டால் தெரிந்திருக்க வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடலாம். ஷாட்கன் வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். எந்தப் பயிருக்கு என்ன சேதம் என்று சொல்லத் தெரிய வேண்டும். வெடிச்சத்தம், பட்டம், பொம்மை என்று உயிர் எடுக்காத வழிகளுக்கும் நியாயமான முயற்சி நடந்திருக்க வேண்டும். ஸ்டாக் டவ் என்ற புறாவைச் சுடவே கூடாது. அது சற்றுச் சிறியது. கழுத்தில் வெள்ளை இல்லை, இறக்கையிலும் இல்லை. டர்டில் டவ் இன்னும் அரிது, அறுவடை நேரத்தில் அதுவும் அங்கே இருக்கும். காலில் வளையம் இருந்தால் பந்தயப் புறாவாக இருக்கலாம், யாரோ ஒருவரின் சொத்து. சுட்டதைச் சாப்பிடப் போகிறீர்களா? ஆகஸ்டில் ஈ மொய்ப்பதற்குள் குளிர்பெட்டிக்குள் வையுங்கள், ஈய ரவையைப் பொறுக்கி எடுங்கள். ஈயத் தோட்டாவைத் தடை செய்யப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்து, மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது.

கடைசியாக, ஜிஎல் 42 இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி உரிமங்கள், நிபந்தனைகளும் வேறு. இவை காலக்கெடு உள்ளவை, அவ்வப்போது திருத்தப்படுபவை. போன வருடத்துத் தாளை நம்பி யாரும் வயலில் இறங்க வேண்டாம். அரசு இணையதளத்தில் இப்போது நடப்பில் இருப்பதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.