கொம்பு நழுவிய 'கோகுலம்'

கல்யாணப் பத்திரிகை, பெயர்ப்பலகை என்று வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் சகோதரிகளே, என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

செங்கல்பட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு 'கோகுலம்' என்று பெயர். மாமல்லபுரத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் நாத்தனார் வீட்டுக்காரர், கருங்கல்லில் செதுக்கித் தருவதாகச் சொன்னார். எழுத்தை நானே வரைந்தேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். ஆனால் 'கோ' அடித்தால் இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது! தனியாக இழுத்து முன்னால் வைத்தேன். பெரிதாக்கும்போது அது மட்டும் நழுவியதைக் கவனிக்கவில்லை.

"நல்லவேளை அண்ணி, உளி வைக்கறதுக்கு முன்னாடி பார்த்தோம். கல்லுல ரப்பர் வெச்சு அழிக்க முடியுமா?" என்று நாத்தனார் போனில் கேட்டாள். எனக்கு வெலவெலத்துவிட்டது.

நம் 216 உயிர்மெய்யில் 108-க்கு முன்னால் கொம்பு வரும். சரிபாதி! யூனிகோடில் தமிழ் ஏறியது 1991-ல். இன்னமும் இதைப் போடத் தெரியாமல் நிழல், மினுமினுப்பு என்று நூறு வித்தை எதற்கு?

மகள்தான் வழி கண்டாள். சில மென்பொருள்களில் இந்திய மொழி வசதி அமைப்புகளுக்குள் அணைந்து கிடக்குமாம். தேடி ஆன் செய்ய வேண்டும். 2003-ல் தொடங்கிய இலவச இங்க்ஸ்கேப்பில் கொம்பு ஒழுங்காக நிற்கிறது. அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றிவிடுங்கள். அங்கே அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் உருமாறாது. மாற்றாத பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பிறகு திருத்த முடியாது.

கல் வந்து வாசலில் பதித்தாயிற்று. 'கோ' கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம், மாமியார் சொல்கிறார்.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு